கிட்டார் இல்லாத ப்ரோக்ரெசிவ் மெட்டல்: செல்லோ மட்டும் போதுமா?

ஜனவரி 6, வாசகர் கேள்வி

நாங்கள் மூன்று பேர், தாளம் சிக்கலாக மாறும் ப்ரோக்ரெசிவ் மெட்டல் வாசிக்கிறோம்: செல்லோ, பேஸ், டிரம்ஸ். கிட்டார் வாசித்தவர் விலகிவிட்டார். புதிய ஆள் தேடுவதைவிட அவருடைய பகுதிகளைச் செல்லோவுக்கு மாற்றிவிடலாம் என்று பார்க்கிறோம். செல்லோவின் ஒலி கிட்டாரைவிடக் கனமானது. நல்ல டிஸ்டார்ஷன் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி) ஒன்று இருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது என் கட்சி. எதிர்ப்பு உண்டா?

ஜனவரி 6

எதிர்ப்பு உண்டு. முதல் ரிஃபிலேயே, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு துணுக்கிலேயே, வித்தியாசம் தெரிந்துவிடும். தெரியத்தான் வேண்டும். தெரியக்கூடாது என்பதுதான் நோக்கம் என்றால் கிட்டார்காரரைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலியாவது மிச்சமாகும்.

விரிவாக நாளை.

ஜனவரி 7

"கனமானது" என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. செல்லோவின் நான்கு தந்திகள் கீழிருந்து மேலாகச் சி, ஜி, டி, ஏ. அடித்தந்தியான சி ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். ஆறு தந்திக் கிட்டாரின் அடித்தந்தி இ, 82 ஹெர்ட்ஸ். ஆகவே ஒன்றுமே செய்யாமல் நீங்கள் கிட்டாருக்குக் கீழே இருக்கிறீர்கள். ஆனால் இந்த வகை இசையில் இன்று எத்தனை பேர் ஆறு தந்தியோடு நிற்கிறார்கள்? ஏழு தந்திக் கிட்டாரின் அடித்தந்தி பி, சுமார் 62 ஹெர்ட்ஸ். எட்டுத் தந்தியில் எஃப் ஷார்ப், 46. ஆழம்தான் போட்டி என்றால் செல்லோ ஏற்கனவே தோற்றுவிட்டது.

தந்தியைத் தளர்த்தலாமே என்பீர்கள். தளர்த்தலாம், அது மெட்டல்காரர்களின் கண்டுபிடிப்பும் அல்ல. ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்டான் கொடாய் 1915இல் எழுதிய தனிச் செல்லோ சொனாட்டாவில் கீழ்த் தந்திகள் இரண்டையும் அரைச் சுரம் இறக்கிக்கொள்ளச் சொல்கிறார். ஜி தந்தி எஃப் ஷார்ப் ஆகிறது, சி தந்தி பி ஆகிறது. அது அப்படியே ஏழு தந்திக் கிட்டாரின் பி. பெடல் இல்லை, ஆம்ப்ளிஃபையர் இல்லை, தனியொரு ஆள். கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு கனத்தைப் பற்றிப் பேசலாம்.

ஜனவரி 9

செல்லோவுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கிட்டார் கட்சி என்று நினைத்துவிடுவீர்கள்.

மெட்டலின் அடிப்படை பவர் கார்டு: ஒரு சுரமும் அதன் ஐந்தாம் சுரமும், நம் கணக்கில் ச–ப. செல்லோவின் பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் எல்லாமே ச–ப இடைவெளியில்தான் சுருதி சேர்க்கப்படுகின்றன. எனவே ஒரே விரலை இரண்டு தந்திகளின் குறுக்கே படுக்க வைத்தால் பவர் கார்டு. அதை அப்படியே மேலும் கீழும் நகர்த்தலாம். கிட்டாரில் இந்த வசதிக்காகவே அடித்தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்குகிறார்கள். செல்லோ பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது.

அதோடு, செல்லோவில் திறந்த தந்திகளின் ச–ப தூய்மையானது, அதிர்வெண் விகிதம் சரியாக 3:2. கிட்டாரின் மெட்டுக்கட்டைகள் சம இடைவெளிச் சுருதியில் அமைந்தவை. அதன் ச–ப இம்மியளவு குறுகியது. டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு சுரங்கள் சேர்ந்து நுழையும்போது அவற்றின் அதிர்வெண்களின் வித்தியாசமும் ஒரு சுரமாக வெளியே வருகிறது. சி 65, ஜி 98, வித்தியாசம் 33. அது அடி சி சுரத்துக்கும் ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி. வாசிக்காத சுரம் தரையை அதிர வைக்கும். 3:2 சரியாக இருந்தால் அந்தக் கீழ்ச் சுரம் அசையாமல் நிற்கும்.

திறந்த தந்தியில் இதெல்லாம் அழகு. விரல் வைத்தால்? தந்திகள் பழசாகிவிட்டால் ஒரே விரலுக்குக் கீழே இரண்டும் இரண்டு சுருதி பேசும். விரலைச் சாய்த்துச் சாய்த்துச் சரிசெய்வதற்குள் ரிஃப் முடிந்துவிடும். ஒத்திகைக்கு முன் தந்தி மாற்றுவது எனக்குப் பிடிக்காத செலவு, ஆனாலும் செய்கிறேன்.

ஜனவரி 9, இரவு

ஒருவர் கேட்கிறார்: "அப்படியானால் மூன்று நான்கு சுரக் கார்டுகள்?" தந்திகளைத் தாங்கும் மரக் குதிரை வளைவாக இருக்கிறது. வில் இரண்டு தந்திகளைத்தான் தொடர்ந்து பிடித்து நிறுத்தும். மூன்றை அழுத்தி ஒரு கணம் ஒலிக்க வைக்கலாம். நான்கைச் சிதறவிட்டுத்தான் வாசிக்க முடியும். குதிரையைத் தட்டையாகச் செதுக்கச் சொல்லாதீர்கள்; பிறகு தனித் தந்தியை வாசிக்க முடியாது.

ஜனவரி 14

இப்போது என் உண்மையான எதிர்ப்பு.

ப்ரோக்ரெசிவ் மெட்டலைச் செல்லோவில் கடினமாக்குவது ஆழமும் அல்ல, வேகமும் அல்ல. ஒற்றைப்படைத் தாளம்.

வில்லுக்கு இரண்டு திசைகள். கைப்பிடியிலிருந்து நுனி நோக்கி இழுப்பது ஒன்று, நுனியிலிருந்து திரும்பத் தள்ளுவது மற்றொன்று. இழுப்பு கைப்பிடிப் பக்கம் தொடங்குகிறது. கையின் எடை அங்கே நேராகத் தந்தியின் மேல் இருக்கிறது. தள்ளலில் அந்த எடையை உழைத்துக் கொண்டுவர வேண்டும். நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டைப்படையில் போகும்வரை அழுத்தமான அடி எப்போதும் இழுப்பில்தான் விழும். கவலை இல்லை.

7/8, அதாவது சுற்றுக்கு ஏழு சுரம், எடுத்துக்கொள்ளுங்கள். 2+2+3 என்று பிரித்த ரிஃப். அழுத்தம் ஒன்றில், மூன்றில், ஐந்தில். சுரத்துக்கு ஒரு வில் என்று வாசித்தால் முதல் சுற்றில் மூன்று அழுத்தங்களும் இழுப்பில் விழும். பிரமாதமாக இருக்கும். ஏழாவது சுரமும் இழுப்பு. ஆகவே இரண்டாம் சுற்று தள்ளலில் தொடங்கும், அதன் மூன்று அழுத்தங்களும் தள்ளலில் விழும். அதே ரிஃப், அதே கை, ஆனால் ஒரு சுற்று உறுமும், அடுத்த சுற்று முனகும். நான் முதலில் சேர்ந்த குழுவின் டிரம்மர் இதைக் கேட்டுவிட்டு, "நீ பதினான்கில் வாசிக்கிறாயா?" என்று கேட்டார். அவர் காது சரியாகத்தான் இருந்தது.

3+2+2, அதாவது தகிட தகதிமி என்று பிரித்தால் வேறு விதமாகக் குழம்பும்: இழுப்பு, தள்ளல், தள்ளல், அடுத்த சுற்றில் தள்ளல், இழுப்பு, இழுப்பு. இதுவாவது சீரான குழப்பம்.

ஜனவரி 15

"கிட்டாரிலும் பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகடு) மேலும் கீழும்தானே அடிக்கிறார்கள்? அவர்களுக்கும் இதே தொல்லைதானே?" என்று ஒரு கிட்டார் வாசகர். நியாயமான கேள்வி. விடை எடையில் இருக்கிறது. செல்லோ வில் சுமார் 80 கிராம். பிக்கை நிறுத்தத் தராசே தேவையில்லை. கீழ் அடி கொடுத்த பிக் ஒலியில்லாமல் காற்றில் மேலே திரும்பி வந்து மறுபடியும் கீழ் அடி கொடுக்கும். எல்லாமே கீழ் அடி என்று பிடிவாதம் பிடிக்கிற மெட்டல் கிட்டார்காரர்கள் உண்டு. வில்லையும் தூக்கித் திரும்பக் கொண்டுவரலாம்தான். நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் அது நாடகத்தனமாக அழகாகக்கூட இருக்கும். 180இல் பதினாறாம் சுரங்கள், அதாவது அடிக்கு நான்கு, என்றால் வினாடிக்கு 12 வில். தூக்குவதற்கு நேரம் எங்கே?

ஜனவரி 15, சற்று நேரம் கழித்து

தீர்வைச் சொல்லாமல் போய்விட்டேன். 2+2+3இல் கடைசி இரண்டு சுரங்களை, ஆறையும் ஏழையும், ஒரே தள்ளலில் வாசியுங்கள். அடுத்த சுற்று இழுப்பில் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே வில்லைத் தந்தியிலேயே ஒரு கணம் நிறுத்தினால் சுரங்கள் குழையாது. அந்தச் சிறு நிறுத்தம் கிட்டார்காரர்கள் உள்ளங்கையால் தந்தியை அடக்கி எழுப்புகிற வெட்டுக்கு மிக அருகில் வருகிறது. செல்லோவில் உள்ளங்கை அடக்கம் கிடையாது, வலக்கையில் வில் இருக்கிறது. வில்லைத் தந்தியிலேயே நிறுத்துவதுதான் நம்முடைய அடக்கம்.

வயலின் கற்பிக்கும் எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் இதையே சொல்வார். மெட்டல் வாசிக்க வந்தவுடன் ஏன் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்றுதான் புரியவில்லை. சுரத்துக்கு ஒரு வில் என்றால்தான் ஆக்ரோஷம் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஜனவரி 21

எதிர்பார்த்ததுதான்: "அபோகலிப்டிகாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?" என்று ஒருவர். வருகிறேன்.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில், சிபேலியஸ் அகாடமி என்ற இசைக் கல்லூரியின் மாணவர்கள் 1993இல் தொடங்கிய செல்லோக் குழு அது. 1996இல் வந்த முதல் ஆல்பம் முழுவதும் மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் பாடல்கள்: எட்டுப் பாடல், நான்கு செல்லோ, டிரம்ஸ் இல்லை, பாடகர் இல்லை. அன்று அதை வேடிக்கை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. வேடிக்கை என்றால் இரண்டு ஆல்பத்தோடு தீர்ந்திருக்கும். 2000இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பெரும்பாலும் சொந்தப் படைப்புகள். 2003இல் ஸ்லேயர் குழுவில் வாசித்த டேவ் லொம்பார்டோ சில பாடல்களுக்கு டிரம்ஸ் வாசித்தார். 2005இல் மிக்கோ சிரேன் நிரந்தர டிரம்மர் ஆனார். 2007 வாக்கில் வேறு குழுக்களின் பாடகர்கள் வரிசையாக வந்தார்கள். 2015இல் ஓர் ஆல்பம் முழுக்க ஒரே பாடகர். 2020இல் மறுபடியும் பாட்டே இல்லாத, கருவியிசை மட்டுமேயான ஆல்பம்.

உங்கள் கேள்விக்கு இதில் தேவையானது ஒன்றுதான். முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் இல்லாமலே தாளம் நிற்கிறது. நான்கு பேரில் ஒருவர் ரிஃப், ஒருவர் அடி, ஒருவர் மெட்டு என்று பங்கிட்டுக்கொள்வதால் நிற்கிறது. நீங்கள் ஒருவர். இதை வைத்து "அவர்கள் செய்தார்களே" என்று தயவுசெய்து வாதாடாதீர்கள்.

அவர்கள் ப்ரோக்ரெசிவா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 2020 ஆல்பத்துக்கு மட்டும் ஆம் என்பேன். மற்றவற்றுக்கு இல்லை. இதில் சண்டைக்கு வராதீர்கள், நேரமில்லை.

ஜனவரி 22

சண்டைக்கு வந்திருக்கிறார்கள். பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒருவர் நல்ல விஷயம் ஒன்றைத் தொட்டிருக்கிறார்: நான்கு செல்லோக்களும் டிஸ்டார்ஷனோடு வாசிக்கும்போது முழுக் கார்டு ஏன் கூழாகிவிடவில்லை?

ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் தனித் தனி டிஸ்டார்ஷன். முன்பு சொன்ன வித்தியாசச் சுரம் ஒரே பெட்டிக்குள் இரண்டு சுரம் நுழையும்போதுதான் பிறக்கிறது. ச, க இரண்டையும் ஒரே பெடலுக்குள் அனுப்பினால் ஒழுங்கற்ற சுரங்கள் முளைத்துச் சேறாகும். அதே ச சுரத்தை ஒருவரும் க சுரத்தை இன்னொருவரும் தனித்தனிப் பெடலில் வாசித்தால் இரண்டும் சுத்தமாக அருகருகே நிற்கும். கிட்டாரால் ஒரு பெடலில் இதைச் செய்ய முடியாது. ஒற்றைச் செல்லோவாலும் முடியாது. இரண்டு செல்லோ கிடைத்தால் உங்கள் குழு வேறு குழுவாகிவிடும். அதை யோசியுங்கள்.

பிப்ரவரி 2

வுல்ஃப் டோன். இதைப் பற்றி எழுதவே கூடாது என்று இருந்தேன், எழுதினால் கோபம் வரும்.

செல்லோவின் உடற்பெட்டிக்கு என்று ஓர் இயல்பான அதிர்வு இருக்கிறது. பெரும்பாலான செல்லோக்களில் அது இ சுரத்துக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே எங்கோ விழும். அந்தச் சுரத்தைத் தந்தியில் வாசித்தால் தந்தியும் உடலும் ஒன்றோடொன்று சண்டையிட்டு ஒலி திக்கும், விக்கும், நடுங்கும். குதிரைக்குக் கீழே தந்தியில் ரப்பர் பொதிந்த சிறு பித்தளைக் குழாய் மாட்டுவார்கள். முழங்காலால் உடலை இறுக்கிப் பிடிப்பதும் வழக்கம். குறையும், முழுதாகப் போகாது.

என் செல்லோவுக்கு அது எஃப் ஷார்ப். எங்கள் முதல் பாடலின் ரிஃப் எந்தச் சுரத்தில் என்று சொல்லவும் வேண்டுமா? அமைதியான அறையில் லேசாகத் திக்கும். டிஸ்டார்ஷனில், உரத்த ஒலியில், யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்ப முயல்வது போல இருக்கும்.

பாடலை அரைச் சுரம் மேலே ஏற்றினோம். பேஸ்காரர் முணுமுணுத்தார்.

பிப்ரவரி 3

"வுல்ஃப் டோனையே ரிஃபில் பயன்படுத்தலாமே?" என்று கேட்ட இளைஞருக்கு: யோசனை நன்று, ஆனால் அது ஈரப்பதத்துக்கும் தந்திக்கும் ஏற்ப இடம் மாறும், நடுங்கும் வேகமும் மாறும். தாளத்துக்குள் நிற்காது. நீண்ட ஒற்றைச் சுரமாக, தாளம் நின்றுபோன இடத்தில், ஒரு பாடலில் ஒரு முறை. அவ்வளவுதான் தாங்கும். ஒலிப்பதிவில் இன்னும் நன்றாக இருக்கும், சரியான எடுப்பைத் தேர்ந்துகொள்ளலாம்.

பிப்ரவரி 11

பெடல் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். கேள்வி அனுப்பியவர் முதல் நாளே இதைத்தான் கேட்டார்.

செல்லோவில் பெரும்பாலும் குதிரையில் பொருத்தும் பியஸோ பிக்கப், அதாவது அதிர்வை மின்சைகையாக மாற்றும் சிறு கருவி. அதை நேராகக் கிட்டார் பெடலில் செருகினால் அடிக்கனம் காணாமல் போய்த் தகரச் சத்தம்தான் வரும். பியஸோவுக்கு எதிரே நிற்கும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) மிக அதிகமாக இருக்க வேண்டும்; ஒரு மெகாஓம் என்பது குறைந்தபட்சம், பத்து இருந்தால் நல்லது. எனவே முதலில் ஒரு முன்பெருக்கி. அதற்குப் பிறகு, டிஸ்டார்ஷனுக்கு முன்பாகவே, மேல் அதிர்வுகளை வெட்டிவிடுங்கள். வில்லில் தடவும் பிசினான ரோசின் உரசும் சரசரப்பு அங்கேதான் இருக்கிறது. டிஸ்டார்ஷன் அதைப் பிடித்து முதல் வரிசையில் உட்கார வைத்துவிடும்.

கெயினையும் (பெடல் ஒலியைப் பெருக்கும் அளவு) கிட்டார்காரர் வைத்த அளவுக்கு வைக்காதீர்கள். கிட்டாரில் கெயின் செய்கிற வேலைகளில் ஒன்று, அணைந்து போகிற சுரத்தை நீட்டிப்பது. வில் இருக்கும்வரை செல்லோவில் சுரம் அணையவே அணையாது. பாதிக் கெயின் போதும், ரிஃபின் எழுத்துகள் அப்போதுதான் தனித்தனியாகக் கேட்கும்.

மரச் செல்லோவை டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால் ஃபீட்பேக் ஊளையிடும். பெட்டி காலியாக இருக்கிறதே, அறையில் உள்ள எல்லாச் சத்தத்துக்கும் அது பதில் சொல்லும். உடல் திண்மையான மின் செல்லோ இருந்தால் ஃபீட்பேக்கும் குறையும், வுல்ஃப் டோனும் போகும். ஆனால் செல்லோ என்று ஏன் ஆசைப்பட்டீர்களோ அதில் கொஞ்சமும் கூடவே போகும். நான் இரண்டையும் வாசித்துவிட்டு மரத்துக்கே திரும்பினேன். அது என் பிடிவாதம், பரிந்துரை அல்ல.

பிப்ரவரி 12

கிட்டார் மறுபடியும் வந்தால் ஒரு சிக்கல்: ஏ தந்தியிலிருந்து தூய ச–ப கணக்கில் இறங்கி வந்தால் அடி சி, கிட்டாரின் சியைவிடச் சுமார் 6 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்திருக்கும். தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டும் டிஸ்டார்ஷனோடு ஒன்றாகப் பிடித்து நின்றால் மெதுவான அலை எழும். ச–பக்களைக் கொஞ்சம் குறுக்கிச் சியை மேலே கொண்டுவாருங்கள். நால்வர் தந்தியிசைக் குழுக்களில் செல்லோ வாசிப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஜனவரி 9 அன்று நான் பாராட்டிய 3:2 இங்கே பலியாகிறது.

பிப்ரவரி 19

இத்தனையும் எழுதிய பிறகு எனக்கே மனம் கொஞ்சம் மாறியிருக்கிறது. "கிட்டாரை வெளியே அனுப்பு" என்பதே தேவையற்ற வீரம் என்று தோன்றுகிறது.

சான் பிரான்சிஸ்கோவின் கிரேசியன் குழுவைக் கேளுங்கள். மூன்றே பேர்: செல்லோ, கிட்டார், டிரம்ஸ். பேஸ் கிடையாது. செல்லோ வாசிக்கும் ஜாக்கி பெரெஸ் கிராட்ஸ்தான் பாடவும் செய்கிறார். அங்கே செல்லோ யாருக்கும் மாற்று ஆள் அல்ல. கிட்டார் ரிஃபைத் துண்டு துண்டாக வெட்டும்போது செல்லோ அதன் மேல் நீளமாகக் கோடு இழுக்கிறது. சில இடங்களில் இறங்கி வந்து அடியைத் தாங்குகிறது. தாளம் மாறும் இடத்தில் வில் மட்டும் தொடர்ந்து நீள்வதால் வெட்டு தெரிவதில்லை. கிட்டாரால் இதைச் செய்ய முடியாது, அதன் சுரம் அடித்த நொடியிலிருந்தே தேயத் தொடங்குகிறது.

நார்வேயின் லெப்ரஸ் குழு 2017 ஆல்பத்தில் கனடாவின் ரஃபேல் வைன்ராத்-பிரவுனைச் செல்லோவுக்குச் சேர்த்துக்கொண்டது. அது செல்லோவை மையமாக வைத்த குழு அல்ல, ஆனால் இடம் விட்டு எழுதுவது எப்படி என்று அதில் கற்கலாம்.

பழையது வேண்டுமா? எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா என்ற ராக் குழுவின் 1971 முதல் ஆல்பத்தில் ராய் வுட் செல்லோவை அடுக்கடுக்காகப் பதிவு செய்து கிட்டார் ரிஃப் போல அறைந்திருக்கிறார். மெட்டல் அல்ல. ஆனால் நயம் பார்க்காத வில் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பயிற்சி பெற்ற செல்லோக்காரர்கள் அப்படி வாசிக்கக் கூச்சப்படுவார்கள். நானும்தான்.

ஆகவே உங்கள் கிட்டார் பகுதிகளைச் செல்லோவுக்கு "மாற்றாதீர்கள்". தூக்கிப் போட்டுவிட்டு வில்லிலிருந்து எழுதுங்கள். எந்தச் சுரம் இழுப்பில், எந்தச் சுரம் தள்ளலில் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பிறகு தாளத்தைப் பிரியுங்கள்.

பிப்ரவரி 20

ஒரு பழைய குறிப்போடு நேற்றையது மோதுகிறது என்று சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்: ஜனவரி 14இல் பதினான்காகக் கேட்பதைக் குறை என்றேனாம், இப்போது வில்லிலிருந்து எழுது என்கிறேனாம். மோதலே இல்லை. தெரியாமல் பதினான்கானால் குறை. தெரிந்தே ஒரு சுற்று உறுமல், ஒரு சுற்று முனகல் என்று எழுதி, டிரம்மரும் இரண்டாம் சுற்றில் கையை அடக்கினால், அதுதான் ரிஃப். கிட்டார் குழுக்கள் மெனக்கெட்டுச் சேர்க்க வேண்டிய ஏற்ற இறக்கம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

மார்ச் 4

கேள்வி கேட்டவர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். பழைய கிட்டார் பகுதிகளில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஒன்றுதான் அதில் பலவீனம். பதினொன்றில் ஓடும் நடுப்பகுதி நன்றாக இருக்கிறது. ஒன்பதாவது சுரத்தில் வில்லை நிறுத்துகிறார், டிரம்மர் அந்த ஓட்டையில் சிம்பலை வைக்கிறார். முடிவுப் பகுதியில் ரோசின் சரசரப்பு இன்னும் அதிகம். மேல் அதிர்வுகளை இன்னும் வெட்டுங்கள்.

கடைசிக் கேள்வி: பி போதவில்லை, சி தந்தியை ஏ வரை இறக்கலாமா? வேண்டாம். செல்லோவின் ஒலிக்கும் தந்தி நீளம் சுமார் 69 சென்டிமீட்டர், கிட்டாரைவிடச் சில சென்டிமீட்டர்தான் கூடுதல். பி வரை அதே தந்தி தாங்கும். ஏ வரை இறக்கினால் அது தொளதொளத்துப் போய் வில் பட்டதும் சுருதி ஏறி இறங்கும், சுரம் பேசத் தொடங்குவதற்குள் ரிஃப் அடுத்த அடிக்குப் போய்விடும். தடித்த தந்தி போட்டால் சுருதி நிற்கும், ஆனால் இன்னும் தாமதமாகப் பேசும். உங்களிடம் ஒரு பேஸ்காரர் இருக்கிறார், அவருடைய கருவியில் அந்த ஏ சௌகரியமாகவே இருக்கிறது. அவர் பகுதியில் எழுதுங்கள்.